குசினிக்குள் வரும் விருந்தாளி: யப்பானிய வீட்டுச் சமையல் வகுப்பும் யாழ்ப்பாணத்து அடுப்படியும்

பயணம் போன ஊரில் ஒரு வீட்டுக் குசினிக்குள் நுழைந்து, அந்த வீட்டுக்காரரோடு சேர்ந்து சமைத்து, அவர்களுடனேயே இருந்து சாப்பிட்டு, அதற்குக் காசும் கொடுத்துவிட்டு வருவது இன்று உலகம் முழுவதும் ஒரு தொழிலாகிவிட்டது. யப்பானில் கியோத்தோ, ஒசாக்கா, தோக்கியோ என்று எந்த நகரத்திலும் இப்படியான வகுப்பை இணையத்தில் பதிந்துகொள்ளலாம். 2016 நவம்பரில் எயார்பிஎன்பி நிறுவனம் தங்குமிடங்களோடு 'அனுபவங்களையும்' விற்கத் தொடங்கிய பிறகு இந்தத் தொழில் இன்னும் பெருத்தது. யாழ்ப்பாணத்திலும் இப்போது சில வீடுகளில் இது நடக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. விருந்தினர் விடுதியில் யாரோ சொல்ல, ஓட்டோக்காரர் கூட்டிக்கொண்டு வந்து படலையில் இறக்கிவிடுவார்.

ஊடகப் பயிற்சி ஒன்றுக்காக யப்பான் போயிருந்தபோது கியோத்தோவில் ஒரு வீட்டில் அரை நாள் சமையல் பழகினேன். ஊருக்குத் திரும்பிய பின், வெளிநாட்டவருக்குச் சமையல் சொல்லிக் கொடுக்கும் மூன்று வீடுகளில் வகுப்பு நடக்கும்போது கூட இருந்து பார்த்தேன். ஒன்று கோப்பாய்ப் பக்கம், ஒன்று வடமராட்சியில், ஒன்று நகரத்துக்குள். அவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை எழுதவில்லை. கோடை விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு எங்கே ஊர்ச் சமையல் பழக்கலாம் என்று புலம்பெயர்ந்த உறவுகள் கேட்கிறார்கள். வீட்டில் இருந்தபடி இதைச் செய்து உழைக்கலாமா என்று இங்கே சில பெண்கள் கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் உதவக்கூடிய மாதிரி விபரமாக எழுதுகிறேன்.

கியோத்தோவில்

காலை 10 மணிக்கு வகுப்பு. இரண்டு தட்டு மரவீடு. குசினி எங்கள் வீடுகளில் உள்ளதில் பாதி அகலம்தான் இருக்கும். நாங்கள் நான்கு பேர்: அவுஸ்திரேலியாவில் இருந்து வந்த ஒரு தம்பதி, தாய்வானில் இருந்து ஒரு மாணவி, நான். வாசலில் செருப்பைக் கழற்றுவது எனக்குப் புதிதல்ல. அவுஸ்திரேலியருக்குத்தான் சப்பாத்து நாடாவை அவிழ்க்க நேரமெடுத்தது. சொல்லிக் கொடுத்தவர் அறுபதைத் தாண்டிய பெண். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் வேறு நகரங்களில். ஒருவருக்கு 7,000 யென் வாங்கினார். அரைகுறை ஆங்கிலமும், மிச்சத்துக்கு ஃபோனில் மொழிபெயர்ப்புச் செயலியும்.

வீட்டுச் சமையலுக்கு அங்கே ஒரு கட்டமைப்பு இருக்கிறது. 'இச்சிஜூ சன்சை' என்பார்கள். சோற்றோடு ஒரு சூப்பும் மூன்று கறிகளும். எங்கள் வீட்டுச் சோறு, சொதி, பருப்பு, ஒரு பால்கறி, ஒரு வறை என்ற கணக்கை வைத்துப் பார்த்தால் இதை விளங்கிக்கொள்ளக் கஷ்டமில்லை. 'வஷோகு' எனப்படும் இந்த உணவு மரபை 2013 இல் யுனெஸ்கோ மானிடத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அன்று நாங்கள் சமைத்தவை பெரிய விடயங்கள் அல்ல: மிசோ சூப், சுருட்டிய முட்டை, எள்ளு அரைத்துப் பிரட்டிய கீரை, பொரித்த கோழி. சுஷி இல்லை. சுஷி வீட்டில் நாளாந்தம் செய்கிற சாப்பாடு அல்ல என்று அவர் முதலே சொல்லிவிட்டார்.

எல்லாவற்றுக்கும் அடித்தளம் 'தாஷி' என்ற நீர். கொம்பு என்கிற காய்ந்த கடற்பாசியைத் தண்ணீரில் ஊறவிட்டு, மெல்லிய சூட்டில் வைத்து, கொதி வரும் முன்பே எடுத்துவிட வேண்டும். பிறகு கட்சுவோபுஷியைச் சீவிப் போட்டு, சிறிது நேரத்தில் வடித்துவிடுவார்கள். அந்தக் கட்சுவோபுஷித் துண்டை அவர் என் கையில் தந்தபோது பார்வைக்கு விறகுக்கட்டை. மணந்து பார்த்தேன். மாசிக் கருவாடு!

வெறும் ஒற்றுமை அல்ல, இரண்டும் ஒரே மீன். சூரை. மாலைதீவில் சூரையை வெட்டி அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் கட்டையாகக் காயவிடுகிறார்கள். அதுதான் கொழும்புக் கடைகளில் மாசியாக வருகிறது. யப்பானில் அவித்த சூரையைப் பல தடவை புகையூட்டி, மேலான வகைக்கு அதன்மேல் ஒருவகைப் பூஞ்சணத்தையும் படரவிட்டு, வெயிலில் காயவிட்டு, மாதக்கணக்கில் பதப்படுத்துகிறார்கள். அவர்கள் சீவுளி பூட்டிய பெட்டியில் இறகுபோல சீவுகிறார்கள். நாங்கள் உரலில் இடிக்கிறோம். உண்மையில் மாசி தென்னிலங்கையில்தான் கூடுதலாகப் புழங்குவது. யாழ்ப்பாணத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் கூனி இறாலும் கருவாடும் செய்கின்றன. என் அம்மம்மா சம்பலுக்குக் கூனியை வறுத்து இடித்துப் போடுவதும் அந்த ருசிக்காகத்தான். அந்த ருசிக்கு அவர் பெயர் வைக்கவில்லை.

பெயர் வைத்தவர் கிக்குனே இக்கேதா என்ற தோக்கியோ இரசாயனவியல் பேராசிரியர். 1908 இல் கொம்புக் கடற்பாசியில் இருந்து குளுத்தமேற்றைப் பிரித்தெடுத்து, அதன் சுவையை 'உமாமி' என்றார். அடுத்த வருடமே அது கடைக்கு வந்தது. அஜினமோட்டோ. கொத்துரொட்டிக் கடைகளில் எங்கள் ஆட்கள் தாராளமாக அள்ளிப்போடும் அதே சாமான். கியோத்தோ அம்மாவின் குசினியில் அதைக் காணவில்லை. கேட்டேன். "நேரம் இல்லாதவர்களுக்கு" என்று சிரித்தார்.

அன்று நான் குறித்துக்கொண்ட இன்னொன்று, கொதிக்க விடக்கூடாது என்ற விதி. கொம்பு கொதித்தால் நீர் கைக்கும், வழுவழுக்கும். மிசோவை அடுப்பை அணைத்த பிறகே கரைக்க வேண்டும். கொதித்தால் மணம் போய்விடும். சொதிக்கும் இதேதான் சட்டம். கட்டிப்பாலைக் கடைசியில் விட்டு, பொங்கி வரும்போதே இறக்க வேண்டும். கொதிக்கவிட்டால் பால் திரைந்துபோகும். தேசிக்காய்ப் புளியை இறக்கிய பிறகுதான் விடுவது. கோப்பாய் வீட்டு அன்ரி ஒரு பிரெஞ்சுப் பெண்ணுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததை நான் பிறகு கேட்டேன்: "தேசிக்காயை அடுப்பில இருக்கேக்க விடாதேங்கோ பிள்ளை, கைச்சுப்போடும்." தமிழில்தான் சொன்னார். அந்தப் பெண் விளங்கித் தலையாட்டினார்.

ஒரு சூப்பும் ஒரு கஞ்சியும்

சாப்பிடும்போது எந்த ஊர் என்று கேட்டார்கள். இலங்கை என்றதும் ஜே.ஆர். ஜெயவர்த்தனவின் பெயரை அவர் சொன்னார். 1951 இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் யப்பானிடம் நட்டஈடு வேண்டாம் என்று அவர் பேசியதை யப்பானில் வயதானவர்கள் பலர் நன்றியோடு நினைவு வைத்திருக்கிறார்கள். அதே ஜே.ஆர். ஆண்ட 1983 யூலையைப் பற்றி அந்த மேசையில் இருந்த யாருக்கும் தெரியாது. சாப்பாட்டை ஆறவிட்டு அதை விளக்கப் போக எனக்கு மனம் வரவில்லை. எங்கள் நாட்டிலும் போர் நடந்தது என்று மட்டும் சொன்னேன்.

அதற்கு அவர் சுயிதோன் பற்றிச் சொன்னார். மாவைத் தண்ணீரில் குழைத்து உருண்டைகளாகக் கிள்ளி, மெல்லிய நீரில் அவிக்கும் ஒரு சூப். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் காலத்திலும் அதற்குப் பிறகு வந்த பஞ்சத்திலும் அரிசி இல்லாமல் யப்பானியர் குடித்தது. அப்போது அதற்குள் தாஷியும் இல்லை, மரக்கறியும் அருமை. இன்று உணவகங்களில் கோழியும் காளானும் போட்டு ருசியாக விற்கிறார்கள். ஆனால் யப்பான் சரணடைந்த நாளான ஓகஸ்ட் 15 ஐ ஒட்டி, அந்தப் பசியை நினைப்பதற்காகவே அதைப் பழைய மாதிரி வெறுமையாகச் சமைத்துக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கும் குடிக்கக் கொடுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவருடைய தாய் உயிரோடு இருந்தவரை வருடாவருடம் செய்தாராம். பிள்ளையாக இருந்தபோது தனக்கு அது பிடிக்கவே பிடிக்காது என்றார்.

நான் முள்ளிவாய்க்கால் கஞ்சி பற்றிச் சொன்னேன். அரிசியும் தண்ணீரும். 2009 இல் நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். கஞ்சிக்கு வரிசையில் நின்றது வன்னியில் இருந்த என் மாமி குடும்பம். அவர்கள் சொன்னதைத்தான் சொன்னேன். அந்த அம்மா கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "உப்பு இருந்ததா?" என்று கேட்டார். சில நாட்களில் இருந்தது, சில நாட்களில் இல்லை என்றேன். எத்தனையோ வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களுக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். இந்தக் கேள்வியை அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யப்பானும் எங்களைக் குண்டு போட்ட நாடுதான். 1942 ஏப்ரல் 5 இல் கொழும்பு, 9 இல் திருகோணமலை. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் சீனர்களுக்கும், சயாம் மரண ரயில் பாதையில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்கும் யப்பானிய இராணுவம் செய்ததைச் சுயிதோன் சூப் கழுவிவிடாது. தன் பசியை நினைவுகூர்வதும் பிறருக்குச் செய்ததை நினைவுகூர்வதும் வேறு வேறு வேலைகள். ஆனால் சுயிதோனைக் காய்ச்சிக் கொடுத்ததற்காக அங்கே யாரையும் பொலிஸ் பிடித்துக்கொண்டு போவதில்லை. இங்கே 2024 மே மாதம் சம்பூரில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பெண்கள் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்கள்

யாழ்ப்பாணத்தில் இந்த வகுப்புகள் மெதுவாகத்தான் தொடங்கின. போர் முடிந்த பின்னும் வெளிநாட்டவர் வடக்குக்கு வரப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தும் போயும் இருந்து, 2015 சனவரியில்தான் முற்றாக நீங்கியது. யாழ்தேவி 2014 ஒக்ரோபர் 13 இல் யாழ்ப்பாண நிலையத்துக்குத் திரும்பியது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்ரோபர் 14 இல் ஓடத் தொடங்கியது. இடையில் கொரோனாவும், 2022 இன் எரிவாயு இல்லாத மாதங்களும். அந்த மாதங்களில் வகுப்பு நடத்திய கோப்பாய் அன்ரி, வந்தவர்களை விறகடுப்பில் ஊத வைத்தாராம். "அதைத்தான் அவையள் கூட விரும்பினவை" என்றார்.

முதலில் வந்தவர்கள் ஐரோப்பியப் பயணிகள். இப்போது மூன்று வீட்டுக்கும் வருபவர்களில் கணிசமானவர்கள் எங்கள் பிள்ளைகள்தான். கனடாவிலும் இலண்டனிலும் நோர்வேயிலும் பிறந்தவர்கள். இவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. பெரியம்மாவிடமோ மாமியிடமோ போனால் குசினிக்குள் விடமாட்டார்கள். "நீ இரு பிள்ளை, வெக்கை" என்று மின்விசிறியைப் போட்டு முன் விறாந்தையில் இருத்திவிடுவார்கள். காசு கொடுத்துப் போகும் வீட்டில்தான் அம்மியைத் தொட விடுகிறார்கள். ரொறன்ரோவில் இருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் வடமராட்சி வீட்டில் இடியப்ப உரலைப் பிழிந்துகொண்டே இதைச் சொன்னபோது, அந்த வீட்டு அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வகுப்பு பெரும்பாலும் திருநெல்வேலிச் சந்தையில் தொடங்கும். காலை 8 மணி. கத்தரிக்காய், முருங்கைக்காய், பயற்றங்காய், சின்ன வெங்காயம். தேங்காய் பளைப் பக்கத்தில் இருந்து வரும். முகமாலையில் வருடக்கணக்காகக் கண்ணிவெடி அகற்றிய நிறுவனங்களுக்கு நிதி கொடுத்த நாடுகளில் யப்பானும் ஒன்று; அந்த நிலத்தில் இப்போது மீண்டும் தென்னம்பிள்ளைகள் நிற்கின்றன. நண்டும் இறாலும் குருநகரில் இருந்தோ பருத்தித்துறையில் இருந்தோ. பிறகு வீடு. திருவலையில் தேங்காய் துருவுவது முதல் வேலை. பயணிகளில் பாதிப்பேர் இதிலேயே வியர்த்துவிடுவார்கள்.

மிளகாய்த்தூள் வறுப்பதை மூன்று வீட்டிலும் பார்த்தேன். யாழ்ப்பாணத்துத் தூளின் முழு விசயமும் வறுப்பில்தான் இருக்கிறது. செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் சிவக்கும். அதனால் தனித்தனியாக வறுக்க வேண்டும். மல்லி மணம் வந்ததும் எடுத்துவிட வேண்டும், வெந்தயம் கருகினால் மொத்தத் தூளும் கைக்கும், செத்தலை வறுக்கும்போது அயல்வீடு வரை தும்மும். இன்று பெரும்பாலான வீடுகளில் வறுத்து மில்லில் திரிக்கக் கொடுக்கிறார்கள், அல்லது பைக்கற்றில் வாங்குகிறார்கள். வகுப்பு நடத்துவதால் மட்டுமே தான் இன்னும் கையால் வறுப்பதாக நகரத்து வீட்டுப் பெண் சொன்னார். வெளிநாட்டவர் பார்க்கக் கேட்பதால் ஒரு கைவேலை வீட்டில் தங்கியிருக்கிறது. இதை நல்லது என்பதா, கவலைக்கிடம் என்பதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

அளவுதான் பெரிய பிரச்சினை. கியோத்தோவில் ஒவ்வொரு சாமானும் கிராம் கணக்கில் நிறுத்துச் சிறு கிண்ணங்களில் வைக்கப்பட்டிருந்தது. போகும்போது அச்சடித்த தாளும் தந்தார். இங்கே கேட்டால் "கண்ணளவு", "ஒரு பிடி", "புளி அளவா". வடமராட்சி அம்மா இதை அழகாகத் தீர்த்திருக்கிறார். மகளைக் கொண்டு தன்னுடைய ஒரு பிடி உப்பு, ஒரு பிடி தூள், ஒரு உருண்டைப் பழப்புளி எல்லாவற்றையும் மின்தராசில் மூன்று நாள் நிறுக்கவைத்து, சராசரியை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார். அந்தத் தாள், அவரின் கை இல்லாத காலத்திலும் இருக்கும். இந்தத் தொழிலில் இறங்காதவர்களும் தங்கள் வீட்டில் இதைச் செய்து வைக்கலாம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது சமையல் குறிப்புக் கொப்பியை யாரும் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டார்கள். பெரும்பாலான வீடுகளில் அப்படியொன்று எழுதப்படவும் இல்லை. எழுத்தில் இருப்பவை மிகக் குறைவு; 2003 இல் வெளிவந்த, நேசா எலியேசர் தொகுத்த யாழ்ப்பாணச் சமையல் நூலை இன்றும் ஆட்கள் தேடித் திரிகிறார்கள். அதுவும் ஆங்கிலத்தில்.

புட்டு எல்லோருக்கும் பிடிக்கும், அதிலும் பனையோலை நீத்துப்பெட்டியில் அவிப்பது. அலுமினியப் பானையில் அவித்தால் வராத மணம் அதில் வரும்.

ஒடியல் கூழ் வேறு கதை. பயணிகள் அதைக் கேட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் இரண்டு பேருக்குக் கூழ் காய்ச்சுவது நடவாத காரியம். மீன், நண்டு, இறால், கணவாய், மரவள்ளி, பலாக்கொட்டை, பயற்றங்காய், முருங்கையிலை என்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்தாலே பெரிய பானையாகிவிடும். கூழ் என்பதே ஒழுங்கை ஆட்கள் சேர்ந்து குடிப்பதற்கானது. கோப்பாய் வீட்டில் குறைந்தது எட்டுப் பேர் என்றால்தான் ஒப்புக்கொள்வார்கள். குறைந்தால் அயலவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். பழகுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: ஒடியல் மாவைத் தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு, மேல்நீரை ஊற்றிக் கழித்து, கைப்புப் போன பிறகே கரைக்க வேண்டும். அது வெறும் ருசிக்காக அல்ல, கழிக்காத மா உடம்புக்கும் ஆகாது. வெளிநாட்டுக்கு ஒடியல் மா கொண்டு போகிறவர்கள் பைக்கற்றில் இதை எழுதி ஒட்டிக்கொண்டு போங்கள். பிளாவில் குடித்தால் நல்லது. பனையோலை கிடைக்காவிட்டால் சிரட்டையும் பரவாயில்லை.

எதைச் சொல்வது, எதை விடுவது

வருகிறவர்கள் சாப்பிட்டு முடிந்ததும் போரைப் பற்றிக் கேட்பார்கள். அநேகமாகத் தவறான நோக்கத்தோடு அல்ல. ஆனால் மூன்று வீடும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

கோப்பாய் அன்ரி 90களின் பொருளாதாரத் தடையைப் பற்றித் தாராளமாகச் சொல்கிறார். மண்ணெண்ணெய் இல்லாமல் ஜாம் போத்தலில் திரி வைத்துக் கொளுத்திய விளக்கு, சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக் குடித்த தேத்தண்ணி, பனங்காயில் தோய்த்த உடுப்பு. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டிய பிறகு சங்கக்கடை வரிசையில் நின்றது. அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமையும் இருக்கும். சமாளித்தோம் என்ற பெருமை.

வடமராட்சி அம்மா ஒன்றும் சொல்வதில்லை. அவருக்கு ஒரு மகன் இருந்தார். படம் சாமியறையில் இருக்கிறது, வகுப்பு நாளில் அந்தக் கதவு சாத்தியிருக்கும். ஏன் என்று கேட்டேன். "சாப்பாட்டு மேசையில அழ வைச்சுக் காசு வாங்கேலாது, தங்கச்சி" என்றார்.

நகரத்துப் பெண், கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் விடுவார். ஆனால் முள்ளிவாய்க்கால் கஞ்சியைச் சமைத்துக் காட்டச் சொல்லி ஒரு பயணக் குழு கேட்டபோது மறுத்துவிட்டார். கூடுதல் காசு தருவதாகவும் சொன்னார்களாம். அவர் செய்தது சரி என்பது என் கருத்து. அந்தக் கஞ்சிக்கு ஒரு மாதமும் ஒரு இடமும் இருக்கிறது, மே மாதத்தில் சந்திகளில் அது சும்மா கிடைக்கும். அதைக் குடிக்க விரும்பும் வெளிநாட்டவர் அப்போது வந்து வரிசையில் நிற்கலாம். புலம்பெயர் பிள்ளைகளைக் கூட்டிவருகிறவர்கள் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் நல்லது: அந்த வீட்டில் யாரை இழந்தீர்கள் என்று பிள்ளையைக் கேட்கவிடாதீர்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. 'பாரம்பரிய யாழ்ப்பாணச் சமையல்' என்று விளம்பரத்தில் போடும்போது அது யாருடைய சமையல்? 1990 ஒக்ரோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் அடுப்பும் யாழ்ப்பாணத்து அடுப்புத்தான். ஐந்துசந்திப் பக்கம் திரும்பி வந்த குடும்பங்கள் குறைவு. அவர்களின் சமையலைப் பழக இப்போது புத்தளத்துக்குத்தான் போக வேண்டும் போலிருக்கிறது. அது போலவே, தேநீர்க்கடைக்குள் இருந்து குடிக்கும் உரிமைக்காக 1960களின் பிற்பகுதியில் இந்த மண்ணில் ஆட்கள் அடிபட வேண்டியிருந்தது. முன்பின் தெரியாத யேர்மன்காரரை அடுப்படி வரை விடுகிற சில வீடுகளில், கிணற்றடி தாண்டாத அயலவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வகுப்பு நடத்துபவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை; நான் பார்த்த மூன்று வீடுகளில் ஒன்றை நடத்துபவரே ஒருகாலத்தில் கிணற்றடியில் நிறுத்தப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட இப்போது முன்பதிவு செய்ய வேண்டும்.

தொடங்க நினைக்கிறவர்களுக்கு

முதல் பெரிதாகத் தேவையில்லை. நுண்கடன் நிறுவனங்களிடம் போய்ச் சிக்காமல் தொடங்கக்கூடிய தொழில்களில் இது ஒன்று என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விடயம். நல்ல பாத்திரங்கள், நான்கு மேற்சட்டைத் துணிகள், கைகழுவ ஒழுங்கான இடம், சுத்தமான கழிப்பறை. கழிப்பறையை இரண்டாம் பட்சமாக நினைக்காதீர்கள். இணையத்தில் எழுதும் விமர்சனங்களில் முதலில் வருவது அதுதான். குடிக்கவும் சமைக்கவும் வடிகட்டிய தண்ணீர். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்துக்குப் பிறகு விபரம் தெரிந்த பயணிகள் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறார்கள்.

அறையும் வாடகைக்கு விடுவதென்றால் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் வீட்டுத் தங்குமிடமாகப் பதிய வேண்டும். சமையல் மட்டும் என்றாலும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு முதலே கதைத்து வைப்பது நல்லது. மூன்று வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள், மூவருக்கும் அவர் உதவியாகவே இருந்திருக்கிறார்.

நான் பார்த்த வீடுகளில் ஒருவருக்கு 5,000 முதல் 8,000 ரூபா வரை வாங்குகிறார்கள். நண்டு வாங்கினால் இலாபம் சுருங்கிவிடும். இடைத்தரகர் எடுப்பது பெரிய பங்கு. இணையத்தளமும் எடுக்கும், கூட்டிவருபவரும் கேட்பார். விலையைச் சொல்லும் முன் இந்த இரண்டையும் கழித்துக் கணக்குப் பாருங்கள். தனிய இருக்கும் பெண்கள் முதல் சில வகுப்புகளுக்கு உறவுக்காரர் ஒருவரைக் கூட வைத்திருக்கிறார்கள். பெண்களுக்கு மட்டும் என்று போடவும் இணையத்தளங்களில் இடமுண்டு. ஒவ்வாமை பற்றிக் கட்டாயம் கேளுங்கள்: நண்டு, இறால், நிலக்கடலை. எங்கள் ஆட்களுக்கு இது பழக்கமில்லை, ஆனால் ஒருவருக்கு மூச்சடைத்தால் விளையாட்டல்ல.

கூட்டாகச் செய்ய விரும்புகிறவர்கள் திருநெல்வேலி 'அம்மாச்சி' உணவகத்தில் ஒரு நாள் போய் இருந்து பாருங்கள். வட மாகாண சபை இயங்கிய காலத்தில் விவசாய அமைச்சு பெண்கள் குழுக்களை வைத்துத் தொடங்கியது. கண்ணுக்கு முன்னே சுட்டு, அவித்து, மலிவாகக் கொடுக்கிறார்கள். தெற்கில் உள்ளதைப் போல 'ஹெல பொஜுன்' என்று பெயர் மாற்ற வேண்டும் என்று கொழும்பில் இருந்து அழுத்தம் வந்தபோது இங்கே பெரிய எதிர்ப்பு எழுந்தது நினைவிருக்கும். ஒரு பெயர்ப்பலகைக்கு இவ்வளவா என்று அப்போது சிலர் கேட்டார்கள். அம்மம்மாவைக் கூப்பிடுகிற சொல்லை எடுத்துவிட்டு அங்கே போய் தோசை சாப்பிடச் சொன்னால் எப்படி என்பதே என் பதில்.

வரும் காலத்தையும் பார்த்துத் திட்டமிடுங்கள். பனங்கிழங்கு தை, மாசியில் கிண்டுவார்கள், ஒடியல் காய்வது அதன் பின் வரும் வெயிலில். கோடையில் வருகிறவர்களுக்குப் பொருத்தமான நாள் ஆடிப்பிறப்பு, யூலை நடுப்பகுதி. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோருக்கும் அந்த நாள் தெரியும். வறுத்த பயறு, அரிசிமா, பனங்கட்டி, தேங்காய்ப்பால் போட்ட கூழும் கொழுக்கட்டையும். மீன் இல்லாததால் சைவ வீடுகளிலும் பழக்கலாம், சின்னப் பிள்ளைகளும் கொழுக்கட்டை பிடிப்பார்கள். கோப்பாய் வீட்டில் அந்த நாளுக்கு இரண்டு குடும்பங்கள் ஏற்கெனவே பதிந்துவிட்டன, ஒன்று ஒஸ்லோவில் இருந்து, மற்றது வவுனியாவில் இருந்து. வவுனியாக்காரரிடம் காசு வாங்குவதா என்று அன்ரிக்கு இன்னும் ஒரே யோசனை.